பூந்தமல்லி முதல் வாலாஜாபேட்டை வரை: தொண்டை மண்டலமும் கைமுடிச்சுப் பூக்கம்பளமும்

ஆய்வுச் சுருக்கம்

இசுலாமியக் கலை வரலாற்றில் கைமுடிச்சுப் பூக்கம்பளம் ஈரானுக்கும் முகலாய வடஇந்தியாவுக்கும் உரிய பொருளாகவே பெரிதும் பேசப்படுகிறது. தக்காணமும் சோழமண்டலக் கரையும் அவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கின்றன. கம்பளத்தின் பூவடிவத்தைக் கொண்டு அது நெய்யப்பட்ட இடத்தை முடிவு செய்யும் பழக்கமே இதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். பூந்தமல்லியின் பாரசீகத் தொடர்பு, கோல்கொண்டாவின் எழுத்துத்துணி விரிப்புகள், யப்பானின் கியோட்டோ நகரில் உள்ள தக்காணக் கம்பளங்கள், வாலாஜாபேட்டையின் நெசவும் அதன் தளர்ச்சியும் ஆகியவற்றை முன்வைத்து இவ்வாதம் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இரத்தினக் கம்பளம், பூந்தமல்லி, வாலாஜாபேட்டை, கோல்கொண்டா, எலூரு, அரக்குச் சிவப்பு, முடிச்சு.

முன்னுரை

தமிழில் கம்பளம் என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. இடையர் போர்த்தும் கறுப்புக் கம்பளியும் கம்பளமே. அரசவையில் விரிக்கும் பூவேலைப்பாட்டு விரிப்பும் கம்பளமே. பின்னதைப் பிரித்துக் காட்ட எழுந்த சொல் இரத்தினக் கம்பளம். பவானியில் நெய்யப்படும் சமுக்காளம் இவ்விரண்டிலும் சேராது. சமுக்காளத்தில் பாவும் ஊடையுமே நிறத்தையும் கோடுகளையும் உண்டாக்குகின்றன. இரத்தினக் கம்பளத்திலோ பாவும் ஊடையும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பாவிழைகளின் மேல் ஒவ்வொன்றாகக் கையால் முடிச்சிட்டு அறுத்துவிடப்பட்ட கம்பளி இழைகள் நிமிர்ந்து நின்று மேற்பரப்பை ஆக்குகின்றன. பூ அந்த இழைப்பரப்பில்தான் மலர்கிறது.

இவ்வேறுபாடு நெசவு நுட்பம் பற்றியது மட்டுமன்று. சமுக்காளத்தையும் கோரைப்பாயையும் தமிழகத்தின் பொருள்கள் என ஏற்கும் ஆய்வுலகம், முடிச்சுக் கம்பளத்தை வெளியிலிருந்து வந்த ஆடம்பரப் பொருளாக மட்டுமே பார்த்து வந்துள்ளது. எலூரு, மசூலிப்பட்டினம், தஞ்சை மாவட்டத்து அய்யம்பேட்டை, வட ஆர்க்காட்டு வாலாஜாபேட்டை ஆகிய ஊர்கள் ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்புவரை சென்னை மாகாணத்தின் கம்பள மையங்களாக அறியப்பட்டிருந்தன. இன்று அய்யம்பேட்டையையும் வாலாஜாபேட்டையையும் முடிச்சுக் கம்பளத்தோடு இணைத்து நினைப்பவர் மிகச் சிலர்.

பூவும் முடிச்சும்

கம்பளத்தில் வளைகோடு என்று ஒன்று இல்லை. பாவு நேர்நிலை, முடிச்சு வரிசை கிடைநிலை. இரண்டும் கூடிய கட்டத்தில் ஒரு கட்டத்திற்கு ஒரு முடிச்சு, ஒரு முடிச்சுக்கு ஒரு நிறம். கொடியின் வளைவும் இதழின் நெளிவும் படிப்படியாக அமைந்த சிறு கட்டங்களால் ஆன தோற்றமே. முடிச்சு நெருங்க நெருங்கப் படிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைகின்றன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபீல் கம்பளம் இதற்குச் சிறந்த சான்று. இசுலாமிய ஆண்டு 946 (கி.பி. 1539–40) என்ற காலக் குறிப்பும் மக்சூத் காஷானி என்ற பெயரும் நெய்யப்பட்டுள்ள அக்கம்பளத்தில் ஒரு சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 340 முடிச்சுகள் உள்ளன. முகலாயர் காலத்தில் பட்டுப் பாவின் மேல் பஷ்மினா இழையால் முடிச்சிட்ட சில கம்பளங்களில் இந்த எண்ணிக்கை 1,000-ஐயும் தாண்டும்.

இரண்டங்குல அகலமும் இரண்டங்குல உயரமும் உள்ள ஒரு பூவை எடுத்துக்கொண்டால், அர்தபீல் நெருக்கத்தில் அதற்கு 1,360 முடிச்சுகள் கிடைக்கும். அங்குலத்திற்கு எட்டு முடிச்சு என்ற அளவில் நெய்யப்படும் பருமனான கம்பளத்தில் அதே பூவுக்கு 256 முடிச்சுகளே உண்டு. பூவைச் சுற்றி ஒரு முடிச்சளவு விளிம்புக் கோடு வரைந்தால் முன்னதில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த நூற்கோடு. பின்னதில் மூன்று மில்லிமீட்டர்த் தடிப்பு. ஆகவே பருமனான கம்பளத்தை நெய்பவர் பூவைச் சுருக்க வேண்டும், அல்லது பெரிதாக்க வேண்டும், அல்லது விளிம்பையே கைவிட வேண்டும். தென்னிந்தியக் கம்பளங்களின் பூக்கள் பெரியனவாகவும் கோணல் மிக்கனவாகவும் இருப்பதைக் கலைத்திறன் குறைவாகக் கருதிய ஆங்கிலேய எழுத்தாளர்கள் இந்தக் கணக்கைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

பூவின் வழித்தடமும் நீண்டது. ஈரானியக் கம்பளங்களில் கொடிகளினூடே வரும் தாமரைச் சாயலுள்ள பெரும்பூ, மங்கோலியர் ஆட்சியில் சீனத்திலிருந்து மேற்கே பரவிய அலங்கார மரபைச் சேர்ந்தது. அப்பூக்கொடியைப் பாரசீக ஓவியர் 'கதாயி' என்றனர். சீனத்துக்கு உரியது என்பது அதன் பொருள். முகலாய அரசவையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. சகாங்கீர் 1620இல் காசுமீரத்திற்குச் சென்றதும், ஓவியர் மன்சூர் அங்குள்ள மலர்களைத் தீட்டியதும், ஐரோப்பியத் தாவர நூல்களின் செதுக்குப் படங்கள் அரசவைக்கு வந்ததும் சேர்ந்து, வேரும் தண்டும் இலையுமாக நிற்கும் தனிச்செடி வடிவத்தை வளர்த்தன. சாசகான் காலத்துச் சிவப்புத் தரைக் கம்பளங்களில் வரிசை வரிசையாக நிற்கும் பூச்செடிகள் அதன் விளைவு.

வடிவங்கள் பயணம் செய்யும். ஓவியத்தாள் எளிதில் கை மாறும். நெசவாளர் தம் கைப்பழக்கத்தை அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை. பாவில் எத்தனை புரி நூல் முறுக்கப்பட்டது, முடிச்சு சமச்சீரானதா அன்றா, அது எந்தப் பக்கம் திறந்துள்ளது, எத்தனை ஊடைகள் ஓடுகின்றன, சிவப்பு எந்தச் சாயத்தால் வந்தது என்பனவே நெய்த இடத்தை நம்பகமாகக் காட்டும் கூறுகள். ஈரானியக் கம்பளத்திற்கும் இந்தியக் கம்பளத்திற்கும் முடிச்சு பெரும்பாலும் ஒன்றே, அதாவது சமச்சீரற்ற முடிச்சு. பருத்திப் பாவின் புரி எண்ணிக்கையும் அரக்குச் சிவப்பின் பயன்பாடும் பல நேரங்களில் இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றன.

பூந்தமல்லியில் பாரசீகம்

இன்று சென்னையின் மேற்குப் புறநகராகிய பூந்தமல்லி, 17ஆம் நூற்றாண்டில் சென்னையை விடப் பெரிய அரசியல் மையமாக இருந்தது. 1639இல் ஆங்கிலேயர் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றபோது அப்பகுதியின் அதிகாரம் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமும் பூந்தமல்லியில் இருந்த அவர் தம்பி ஐயப்ப நாயக்கரிடமும் இருந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் கோல்கொண்டாப் படைகள் தெற்கே வந்தன. படையெடுப்பை நடத்திய மீர் சும்லா, இசுபகான் அருகேயுள்ள அர்தெசுத்தான் பகுதியைச் சேர்ந்தவர். வணிகராக வந்து அமைச்சரானவர்.

பூந்தமல்லிப் பள்ளிவாசலின் கல்வெட்டு இந்த மாற்றத்திற்கு நேர்ச்சான்று. அப்துல்லா குத்புஷா ஆட்சிக்காலத்தில், 1653இல், அசுதராபாத்தைச் சேர்ந்த துல்பிகாரின் மகன் ருசுதம் அதைக் கட்டினார். அசுதராபாத் என்பது காசுபியன் கடலின் தென்கிழக்கில் உள்ள இன்றைய கோர்கான் நகரம். துருக்குமேனிய முடிச்சுக் கம்பளங்கள் நெய்யப்படும் புல்வெளிகளுக்கு அண்மையில் இருப்பது. தொண்டை மண்டலத்தில் ஆட்சி செய்தவர்கள் எந்தப் பொருளுலகில் பிறந்து வளர்ந்தார்கள் என்பதை இந்த ஊர்ப்பெயர் கூறிவிடுகிறது. அவர்களுக்குக் கம்பளம் அணிகலன் போன்ற ஆடம்பரம் அன்று. அமரும் இடம், உண்ணும் இடம், தொழும் இடம், விருந்தினரின் தகுதியை அளக்கும் இடம் என எல்லாமே அவர்களுக்குக் கம்பளம்தான்.

ஆனால் ஆள்வோரின் பிறப்பிடம் நெசவின் இருப்பிடம் ஆகாது. ருசுதமின் ஊரை வைத்துப் பூந்தமல்லியில் பாரசீகக் கம்பளத் தறிகளைக் கற்பனை செய்வது, பூவை வைத்துக் கம்பளத்தின் ஊரை முடிவு செய்வதற்கு ஒப்பான பிழை. கல்வெட்டு நிறுவுவது தேவையை; உற்பத்தியை அன்று. அத்தேவையை நிறைவேற்றக் கோல்கொண்டா அரசுக்குள்ளேயே இடங்கள் இருந்தன. ஈரானியக் கப்பல்களும் வணிகரும் வந்து தங்கிய மசூலிப்பட்டினமும் அதற்கு வடக்கே உள்ள எலூருவும் பிற்காலம் வரை கம்பள நெசவுக்குப் பெயர் பெற்றவை. எலூருவின் நெசவாளர் தம் முன்னோர் ஈரானிலிருந்து வந்தோர் என்றே சொல்லி வந்துள்ளனர்.

பள்ளிவாசலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழுகையில் மக்கள் தோளோடு தோள் நிற்கும் வரிசை 'சஃப்' எனப்படும். அவ்வரிசைக்கேற்ப, ஒருவருக்கு ஒரு வளைவு மாடம் என அடுத்தடுத்துப் பல மாடங்கள் அமைய நெய்த நீண்ட கம்பளத்திற்கும் அதே பெயர். தக்காணத்தில் நெய்யப்பட்ட இத்தகைய பன்மாடத் தொழுகைக் கம்பளங்கள் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஒவ்வொரு மாடத்தினுள்ளும் பூச்செடி வைப்பதும் உண்டு. தமிழக முசுலிம்களின் வழக்கிலோ வரிசைக்குக் கோரைப்பாயும், தனியாள் தொழுகைக்கு 'முசல்லா' எனப்படும் சிறு விரிப்பும் பெரும்பான்மை. பத்தமடைப் பாய் நெசவு லெப்பை முசுலிம்களின் கையில் வளர்ந்தது தற்செயல் அன்று. கடலோர வெக்கையிலும் ஈரத்திலும் கம்பளி பூச்சிக்கு இரையாகும்; கோரை குளிர்ச்சி தரும், எளிதில் மாற்றலாம்.

எழுத்துத்துணி என்னும் மாற்றுவழி

இந்த வெக்கைதான் சோழமண்டலக் கரையில் பூக்கம்பளத்திற்கு ஓர் உடன்பிறப்பைத் தந்தது. கோல்கொண்டாவில் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பருத்தித் துணியின் மேல் எழுதுகோலால் வரைந்து சாயமேற்றிய பெரிய தரைவிரிப்புகள் செய்யப்பட்டன. அவற்றின் அமைப்பு கம்பளத்தின் அமைப்பே: சுற்றிலும் கரை, நடுவில் களம், களம் நிறையப் பூக்கொடி. ஆம்பேர் அரண்மனைக் கருவூலத்தில் இருந்த இத்தகைய விரிப்புகள் சில இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் பின்புறத்தில் அரண்மனைக் கணக்கர் எழுதிய பதிவுகள் காலத்தை உறுதிப்படுத்துகின்றன.

கம்பளத்தில் கட்டத்திற்குள் அடைபட்ட பூ, எழுத்துத்துணியில் விடுபட்டது. எழுதுகோலுக்கு முடிச்சுக் கணக்கு இல்லை. கொடி விரும்பியபடி வளையலாம். சிவப்பும் வேறு வழியில் வந்தது. பருத்திக்குச் சாயவேரும் படிகாரமும், கம்பளிக்கு அரக்கு. ஐரோப்பாவைக் கவர்ந்த பூமரத் துணிகள் இந்தக் கரையிலிருந்துதான் சென்றன. சோழமண்டலத்தின் பூவேலை வரலாறு துணியில் விரிவாகவும் கம்பளத்தில் மெலிவாகவும் எழுதப்பட்டதற்கு ஐரோப்பியச் சந்தையே பெருங்காரணம். கும்பினிகள் துணியைக் கப்பல் கப்பலாக வாங்கின. கம்பளத்தைப் பெரும்பாலும் அன்பளிப்புக்காகச் சில எண்ணிக்கையிலேயே வாங்கின. கணக்கேட்டில் அதிகம் எழுதப்பட்டதே பின்னர் வரலாற்றில் அதிகம் இடம் பெற்றது.

கியோட்டோவில் கிடைத்த சான்று

எனினும் அந்தச் சில எண்ணிக்கைதான் இறுதியில் தக்காணக் கம்பளத்தை மீட்டுத் தந்தது. போர்த்துக்கீசிய மொழியின் 'அல்காத்திபா' என்ற சொல்லைத் தம் மொழிக்கேற்ப மாற்றிக் கம்பளத்திற்கு வழங்கிய ஒல்லாந்தர், 1613 முதல் பழவேற்காட்டில் கெல்திரியாக் கோட்டையை வைத்திருந்தனர். மசூலிப்பட்டினத்திலும் அவர்களின் பண்டகசாலை இருந்தது. 1641 முதல் யப்பானின் நாகசாகித் துறையில் உள்ள தெசிமாத் தீவில் வணிகம் செய்ய ஐரோப்பியருள் அவர்களுக்கு மட்டுமே இசைவு இருந்தது. ஆட்சியாளர்க்கும் அதிகாரிகளுக்கும் அவர்கள் கொண்டு சென்ற பொருள்களில் இந்தியக் கம்பளங்களும் இருந்தன. அவற்றுள் பல, கியோட்டோ நகரத்து வணிகக் குடிகளின் கைக்கு வந்து, ஆண்டுதோறும் நடக்கும் கியோன் விழாத் தேர்களின் புறத்தை அணி செய்யும் தொங்கல்களாயின.

தரையில் விரிக்க நெய்த கம்பளம் தேரில் தொங்கியது அதன் நற்பேறு. மிதிபடவில்லை, ஆண்டில் சில நாள்களே வெளிச்சம் பட்டது, மற்ற நாள்களில் பெட்டிக்குள் காக்கப்பட்டது. இத்தொகுதியை ஆராய்ந்த அறிஞர்களின் அறிக்கை 1992இல் வெளிவந்தது. பூவடிவத்தில் ஈரானையும் முகலாயத்தையும் நினைவூட்டினாலும், நெசவுக் கட்டமைப்பில் அவ்விரண்டோடும் பொருந்தாத ஒரு குழு அங்கே இருப்பது தெளிவாயிற்று. டேனியல் வாக்கர் 1997இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அமைத்த இந்தியக் கம்பளக் கண்காட்சியும் அதன் நூலும் இக்குழுவைத் தக்காணத்திற்கு உரியதாக வைத்துப் பேசின. அதன்பின் வேறு நாடுகளின் தொகுப்புகளிலும் அதே கட்டமைப்பு தேடப்பட்டது.

ஒரு சிறு வியப்பு இங்குண்டு. சீனத்தில் தோன்றி ஈரானுக்குச் சென்று 'கதாயி' எனப் பெயர் பெற்ற தாமரைப் பூ, தக்காணத்து ஆட்டு மயிரில் முடிச்சிடப்பட்டு, ஒல்லாந்தர் கப்பலில் மீண்டும் கீழ்க்கடலுக்கே போய்ச் சேர்ந்தது.

ஆம்பேர்க் கருவூலக் கம்பளங்களுக்கும் கணக்கர் எழுதிய சீட்டுகள் இருந்தன. அவற்றின் துணையால் லாகூர் கம்பளங்களின் காலவரிசையை வகுக்க முடிந்தது. 1687இல் ஔரங்கசீப்பிடம் வீழ்ந்த கோல்கொண்டாவிற்கு அப்படித் தொடர்ச்சியாகக் காக்கப்பட்ட அரண்மனைக் கருவூலம் வாய்க்கவில்லை. வடக்கிற்குச் சீட்டு இருந்தது. தெற்கிற்குக் கம்பளத்தின் பின்புறம் மட்டுமே மிஞ்சியது. கலை வரலாறு சீட்டுள்ளதை முதலில் எழுதியது என்பதில் வியப்பில்லை. ஆனால் சீட்டில்லாதவற்றையும் அதே பெயரில் சேர்த்துக்கொண்டதுதான் சிக்கல்.

ஆட்டு மயிரும் வாலாஜாபேட்டையும்

தொண்டை மண்டலத்தில் முடிச்சுக் கம்பளம் பூந்தமல்லியில் அன்றி வாலாஜாபேட்டையில் ஏன் வேரூன்றியது என்ற கேள்விக்கு ஆட்டிலிருந்து தொடங்குவதே தகும். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதிகளின் நாட்டுச் செம்மறி 'மெட்ராஸ் சிவப்பு' எனப்படும் இனம். இறைச்சிக்கு உகந்த அவ்வினத்தின் உடலில் இருப்பது குறுமயிர்; நூற்கத்தக்க கம்பளி அன்று. ஆவடி, அம்பத்தூர் ஏரிக்கரைகளில் எத்தனை கிடை மேய்ந்தாலும் ஒரு கம்பளத்திற்கான இழை கிடைக்காது. கம்பளி தரும் செம்மறி மைசூர் மேட்டுநிலத்திலும் தக்காணத்திலும் மேய்வது. கறுப்புக் கம்பளி நெய்த குறும்பர், குருபர் குடிகளின் நிலமும் அதுவே. அரக்கும் காட்டுப் பொருள். பருத்தி மட்டுமே கரையோரச் சமவெளியில் தாராளம்.

மேட்டுநிலக் கம்பளியும் சமவெளிப் பருத்தியும் சந்திக்கும் இடம் கணவாய்க்குக் கீழே, பாலாற்றின் ஓரம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் வாலாஜா என்னும் பட்டத்தைத் தாங்கி வளர்ந்த வாலாஜாபேட்டை அத்தகைய ஊர். சென்னையிலிருந்து பூந்தமல்லி, திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம் வழியாக மைசூருக்குச் செல்லும் பெருவழியில் அது சரக்கு மாறும் சந்தையாக இருந்தது. ஆர்க்காடு அருகில் இருந்ததால் நவாபின் அதிகாரிகளும் படைத்தலைவர்களும் கம்பளத்தை வாங்குவோராக அருகிலேயே இருந்தனர். கம்பளத்திற்கு வேண்டிய மூன்றும், அதாவது கம்பளி, பருத்தி, வாங்குபவர், ஒரே இடத்தில் கூடியது அங்கேதான். பாரசீகக் குடியேற்றத்தை மட்டும் காரணமாகக் காட்டும் விளக்கம் எலூருவுக்கு ஒருவாறு பொருந்தலாம். வாலாஜாபேட்டைக்குப் பெருவழியும் ஆடும் இன்னும் வலுவான விளக்கம்.

1856

1856 சூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, இன்றைய அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா சாலை வரை சென்றது. பூந்தமல்லிப் பெருவழிக்கு வடக்கே ஒரு புதிய வழி பிறந்தது. இருப்புப்பாதை வாலாஜாபேட்டையை வளர்த்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. நிலையம் ஊருக்கு வெளியே சற்றுத் தொலைவில் அமைந்தது. பாதை மேற்கே நீண்டபோது மேட்டுநிலச் சரக்கு அங்கே இறங்கி மாற வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. 1866இலேயே நகராட்சியான அவ்வூர், சரக்கு மாறும் சந்தை என்ற நிலையை மெல்ல இழந்தது. பெருவழியின் சுங்கச்சாவடிகளும் சத்திரங்களும் வெறிச்சோடியபோது பூந்தமல்லியும் அதே இழப்பின் ஒரு பங்கைச் சுமந்தது.

அதே 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். இரண்டிற்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் இரண்டும் கம்பளத் தறியில் சந்தித்தன. அரக்கை இடித்து ஊறவைத்து, படிகாரத்தில் கம்பளியைப் பதப்படுத்திப் பல நாள் உழைத்துப் பெறும் சிவப்பை, புதிய தூள் சில மணி நேரத்தில் தந்தது. ஒளி பட்டதும் அது வெளுத்தது என்பது வாங்கியவர் பின்னர் அறிந்த செய்தி. ஈரானில் அரசே இச்சாயங்களுக்குத் தடை விதிக்கும் அளவுக்குச் சிக்கல் முற்றியது.

1851 லண்டன் பெருங்கண்காட்சியில் தென்னிந்தியக் கம்பளங்கள் வைக்கப்பட்டபின் ஐரோப்பியத் தேவை கூடியது. அதனோடு விலையைக் குறைக்கும் நெருக்கடியும் கூடியது. மசூலிப்பட்டினக் கம்பளங்களைப் பற்றி வின்சென்ட் ராபின்சனும் ஜார்ஜ் பேர்ட்வுட்டும் 1880ஐ ஒட்டி எழுதியவை இதைக் காட்டுகின்றன: ஆங்கில இறக்குமதியாளர் மலிவான மூலப்பொருளை நெசவாளரிடம் திணித்தனர், ஆங்கிலக் கயிற்றிழை அடித்தளமாயிற்று, பூக்களைச் சுற்றியிருந்த மென்மையான விளிம்பு நிறம் மறைந்தது. முடிச்சு குறைந்தால் விளிம்புதான் முதலில் போகும் என்பதை மேலே கண்ட கணக்கு முன்பே சொல்கிறது. இதை மரபின் வீழ்ச்சி என்று மட்டும் சொல்லி, வாங்கியவர் பேசிய விலையை மறந்துவிடுவது முறையன்று.

சிறைகளும் போட்டிக்கு வந்தன. ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்த மாபெரும் கம்பளம் 1894இல் வின்ட்சர் அரண்மனையின் வாட்டர்லூ மண்டபத்தை அடைந்தது. வாலாஜாபேட்டையிலிருந்து 30 கி.மீ.க்கும் குறைவான தொலைவில் உள்ள வேலூர் மத்தியச் சிறையிலும் கம்பளம் நெய்யப்பட்டது. கூலி கேளாத கையோடு கூலிக்கு நெய்யும் கை போட்டியிட இயலாது. சிறைக் கம்பளம் நேர்த்தியாகவும் இருக்கலாம். அதன் பாவு சீராகவும் இருக்கலாம். ஆனால் அதன் விலையில் நெசவாளரின் அடுப்பு அடங்கவில்லை.

1908: இரண்டு நூல்கள்

1908ஆம் ஆண்டு கம்பள ஆய்வில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, வியன்னாவில் அச்சான எப்.ஆர். மார்ட்டினின் கிழக்கத்தியக் கம்பளங்களின் வரலாறு; பெருந்தாளில், வண்ணப் படங்களுடன், செல்வந்தரும் அருங்காட்சியகங்களும் வாங்கத்தக்கது. மற்றொன்று, சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட ஹென்றி டி. ஹாரிஸின் தென்னிந்தியக் கம்பள நெசவு பற்றிய தனிநூல். மாகாணத் தொழில்களை ஆவணப்படுத்தும் அரசுத் திட்டத்தின் பகுதி. முன்னது முடிந்த கம்பளங்களைப் பற்றியது. பின்னது உயிரோடிருந்த தறிகளைப் பற்றியது. கலை வரலாற்றின் முதன்மை ஓட்டம் முன்னதையே பின்பற்றியது. பின்னது தொழில் அறிக்கைகளின் வரிசையில் ஒதுங்கியது.

பெரும்பூக்களும் வளைந்த இலைகளும் சிவப்புத் தரையில் நிறைந்த ஒரு பெருங்குழுக் கம்பளங்கள் இப்பிரிவினையின் விளைவை நன்கு காட்டும். போர்த்துக்கல்லிலும் நெதர்லாந்திலும் மிகுதியாகக் காக்கப்பட்டவை அவை. 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியங்களில் மேசை விரிப்பாகத் தோன்றுபவை. பூவடிவத்தைக் கொண்டு ஹெராத் என்றும் இசுபகான் என்றும் அவற்றுக்குப் பெயரிட்டனர். அவற்றுள் ஒரு பகுதி இந்தியாவில் நெய்யப்பட்டது என்பதும், 'இந்தோ-பாரசீகம்' என்ற இரட்டைப் பெயரே தயக்கத்தின் அடையாளம் என்பதும் பின்னர் பேசப்பட்டன. இந்தியா என்று ஒப்புக்கொண்டபோதும் லாகூரும் ஆக்ராவுமே முதலில் நினைவுக்கு வந்தன. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் மிகுதியாக நடமாடியது எந்தக் கரைகளில் என்ற எளிய கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது.

வாலாஜாபேட்டை, அய்யம்பேட்டைக் கம்பளங்களுக்கும் இதே முறையில் ஆய்வு நடக்க வேண்டியுள்ளது. பாவின் புரி, ஊடையின் எண்ணிக்கை, சிவப்பின் வேதியியல் ஆகியவற்றைக் குறித்த ஓர் அட்டவணை தென்னிந்தியக் கம்பளங்களுக்கு உருவானால், சிறைத் தறியையும் ஊர்த் தறியையும் பிரிக்கலாம். 1856க்கு முந்திய சாயத்தையும் பிந்திய சாயத்தையும் பிரிக்கலாம். மாகாண அரசின் சிறை நிருவாக அறிக்கைகளும் இருப்புப்பாதைச் சரக்குக் கணக்குகளும் நகராட்சி வரிப் பதிவுகளும் இதற்குரிய எழுத்துச் சான்றுகள். கலை வரலாற்றுத் துறை இவற்றைத் தன் மூலங்களாகக் கொள்ளும் வழக்கம் இன்னும் வலுப்பெறவில்லை.

பெயரிடுதலில் நெசவாளரின் முறை வேறாக இருந்தது. எலூருத் தறிகளில் வழங்கிய வடிவப் பெயர்களுள் 'ஹைதர் கானி' ஒன்று. 'ராமச்சந்திர கானி' மற்றொன்று. நூலாசிரியர்கள் ஹெராத் என்றும் இசுபகான் என்றும் தொலைநகரங்களைத் தேடிய அதே பூக்களை, தறியில் இருந்தவர்கள் தம் பக்கத்து மனிதர்களின் பெயரால் அழைத்தனர்.